அடிமரத்தில் காளான், அலமாரியில் காப்புரிமை

ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து பாகான் டத்தோ போகும் சாலையில் செம்பனைக்குப் பஞ்சமில்லை. தூரத்தில் பார்த்தால் எல்லா மரமும் ஒன்று போலத் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் சில மரங்களின் அடியில், தரையை ஒட்டி, ஒரு காளான் தட்டுப் போல நீட்டிக்கொண்டிருக்கும். மேற்புறம் அரக்கு பூசினாற்போல் செம்பழுப்பு, விளிம்பில் வெள்ளைக் கோடு, விரலால் தட்டினால் பலகைச் சத்தம். அது வெளியே தலைகாட்டும்போது அடித்தண்டின் உட்புறம் பெரும்பாலும் அழுகிப் போயிருக்கும். நடுக்குருத்துகள் விரியாமல் ஈட்டியாக நிற்கும், கீழ் ஓலைகள் மடிந்து தண்டைச் சுற்றித் தொங்கும், ஒரு நாள் காற்றில் மரம் அடியோடு சாயும். கானோடெர்மா என்ற பூஞ்சையின் வேலை இது. மலாயாச் செம்பனையில் இந்த நோய் 1931-லேயே பதிவாகிவிட்டது. அப்போது இருபத்தைந்து வயதைக் கடந்த கிழட்டு மரங்களைத்தான் தொட்டது. 1960-களிலிருந்து பத்துப் பதினைந்து வயதில் நன்றாகக் காய்க்கிற மரங்களையும் விழுத்தத் தொடங்கியது. தென்னையை அழித்துச் செம்பனை வைத்த கடலோர நிலங்களில்தான் சேதம் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கீழ்ப் பேராக்கில் அப்படிப்பட்ட நிலம் எது என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நோய் கண்ட மரத்தைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அடியில் மண்ணைக் குவித்து மரத்தின் ஆயுளைச் சில ஆண்டு நீட்டலாம். மறுநடவின்போது பழைய அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி நொறுக்கி அப்புறப்படுத்தலாம். அவ்வளவுதான்.

பல்கலைக்கழகங்கள் சும்மா இருந்துவிட்டன என்று சொல்ல முடியாது. இந்தப் பூஞ்சையை வாசனை கொண்டு கண்டுபிடிக்கும் மின்னணு மூக்கு, வானிலிருந்து படம்பிடித்து நோயுற்ற மரத்தைப் பிரித்தறியும் முறை, எதிர் நுண்ணுயிர்கள் என்று கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையில் முதலில் கண்ணில் படுவது வேறு: எத்தனை காப்புரிமை, கண்காட்சியில் எத்தனை தங்கப் பதக்கம். 2006-ல் மலாயா, கெபாங்சான், புத்ரா, சைன்ஸ் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களுக்கும், 2010-ல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் ஆய்வுப் பல்கலைக்கழகம் என்ற தகுதி கிடைத்தது. அதற்குப் பிறகு ஆய்வின் தரத்தை அளக்கும் பட்டியலில் அறிவுசார் சொத்தும் ஒரு வரியாக உட்கார்ந்துகொண்டது. நம் வீடுகளில் எஸ்பிஎம் முடிவு வந்ததும் முதல் கேள்வி "எத்தனை ஏ?" என்பதுதான். பிள்ளை என்ன படித்தான் என்பது அப்புறம். உயர்கல்வியிலும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். காப்புரிமையை எண்ணுவதை விட்டுவிட்டு, அது யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கத் தொடங்க வேண்டும் என்பதே இங்கு என் வாதம். இதற்கான சான்றைத் தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. நம் தோட்டப்புறத்திலேயே கிடக்கிறது.

முதலில் காப்புரிமை என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும். அது அரசுக்கும் கண்டுபிடித்தவருக்கும் நடுவில் நடக்கும் ஒரு பேரம். உன் இரகசியத்தை ஊரறிய எழுதிக் கொடு, பதிலுக்கு இருபது ஆண்டுக்கு அதை வேறு யாரும் உன் அனுமதியின்றிச் செய்யாமல் பார்த்துக்கொள்கிறேன் என்கிறது அரசு. மலேசியாவின் காப்புரிமைச் சட்டம் 1983-ல் இயற்றப்பட்டு 1986 அக்டோபர் 1-ல் நடப்புக்கு வந்தது. புதியதாக இருக்க வேண்டும், துறை தெரிந்தவருக்கும் எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்படக் கூடியதாக இருக்க வேண்டும் என்று மூன்று சோதனைகளை அது வைக்கிறது. பயன்படக் கூடியதா என்பதுதான் அதில் கேள்வி. யாராவது பயன்படுத்தப் போகிறார்களா, வாங்குவதற்கு ஆள் இருக்கிறதா என்று காப்புரிமை அலுவலகம் கேட்பதில்லை. கேட்பது அதன் வேலையும் இல்லை. ஆகவே காப்புரிமைச் சான்றிதழ், ஒன்று புதியது என்பதற்கு அத்தாட்சி. அதைக் கொண்டு புத்தாக்கத்தை அளப்பது, திருமண மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய ரசீதைக் காட்டிக் கல்யாணம் நடந்துவிட்டது என்பதைப் போன்றது. அந்த ரசீதுக்கும் ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். வெளிநாடுகளிலும் பதிவு செய்யப் போனால் வழக்கறிஞர் செலவு மட்டும் பல்லாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். எடுத்துப் பயன்படுத்த யாரும் வராவிட்டால் கட்டணம் கட்டாமல் காலாவதியாக விடுவார்கள். அதற்குள் அது எண்ணிக்கையில் ஏறிவிட்டிருக்கும்.

இப்போது தோட்டத்துக்கு வருவோம். 1877-ல் கோலகங்சாரில் ஒன்பது இரப்பர் நாற்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்கு அருகே இன்னும் நிற்கிறது. முந்தைய ஆண்டு ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளின் வழி வந்தவை அவை. பிரேசிலுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவில் இருந்துகொண்டு ஹென்றி ரிட்லி கண்டறிந்தார். பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, அதே காயத்தை மீண்டும் மீண்டும் திறக்கிற அந்த முறையை அவர் பூட்டி வைக்காமல் எழுதினார், காட்டினார். காப்பித் தோட்டக்காரர்களைப் பிடித்து நிறுத்தி விதையைக் கையில் திணித்தார். நம் பாட்டன் பூட்டன்மார் விடியற்காலையில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போய் வெட்டியது அந்த வெட்டைத்தான். 1925-ல் இரப்பர் ஆய்வுக் கழகம் பிறந்தது. அதை நடத்தியது ஏற்றுமதியாகும் இரப்பரின் மீது பிடித்த செஸ் வரி. அதாவது பணத்தைக் கொடுத்தது தோட்டம், கேள்வியை எழுப்பியதும் தோட்டம், விடை போய்ச் சேர்ந்ததும் தோட்டத்துக்கே. இந்த முக்கோணத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கழகத்துக்கு 1966-ல் தலைவரான முதல் ஆசியர் பி. சி. சேகர். 1929-ல் சுங்கை பூலோ பக்கம் உலு பூலோ தோட்டத்தில் பிறந்தவர். போருக்குப் பிறகு செயற்கை இரப்பர் உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தது. நம் இரப்பரின் குறை மரத்தில் இல்லை, அதை விற்ற விதத்தில் இருந்தது. புகையூட்டிய தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணால் பார்த்துத் தரம் சொன்னார்கள். டயர் தொழிற்சாலைக்காரனுக்கோ அதில் அழுக்கு எத்தனை விழுக்காடு என்று எண்ணில் தெரிய வேண்டியிருந்தது. 1965-ல் வந்த எஸ்எம்ஆர் என்ற மலேசிய இரப்பர்த் தரத் திட்டம் அதைச் செய்தது. அன்றைய அளவுப்படி எஸ்எம்ஆர் 5 என்றால் அழுக்கு 0.05 விழுக்காட்டுக்கு மேல் போகாது, எஸ்எம்ஆர் 20 என்றால் 0.20. கூடவே வந்த ஹெவியாகிரம்ப் முறையில் உறைந்த பாலில் சிறிதளவு ஆமணக்கெண்ணெய் சேர்த்து உருளைகளுக்கு நடுவே விட்டால் அது பொடிப்பொடியாக உதிரும். நாள்கணக்கில் புகைக்கூண்டில் தொங்க வேண்டியது மணிக்கணக்கில் உலர்ந்து, 33 கிலோவுக்குச் சற்று அதிகமான கட்டியாகப் பாலிதீன் உறையில் கப்பலேறியது. இதன் உயிர்நாடி, எல்லாரும் பின்பற்றக் கூடிய ஒரு பொதுத் தரம். பொதுத் தரத்தை ஒருவர் பூட்டி வைத்தால் அது தரமாகவே இருக்க முடியாது. 1968-ல் அதே கழகத்தின் ஆப்ரஹாம், வைச்செர்லி, பாக்கியநாதன் மூவரும், எத்திஃபோன் என்ற வளர்ச்சி ஊக்கியைப் பட்டையில் பூசினால் பால் உறைந்து அடைபடாமல் கூடுதல் நேரம் வடியும் என்று கழகத்தின் சஞ்சிகையில் எழுதினார்கள். இரப்பர் விளையும் நாடுகளிலெல்லாம் அது தோட்ட வழக்கமாயிற்று.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சான்றாகப் படுவது ஒரு வண்டு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து செம்பனை இங்கே வந்தபோது அதன் பூவில் மகரந்தம் சேர்க்கும் பூச்சி கூட வரவில்லை. காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டு போகிறது என்று பாடப்புத்தகம் சொன்னதைப் பல பத்தாண்டுகள் எல்லாரும் நம்பினார்கள். காய்ப்பு போதாதபோது ஆட்களை விட்டார்கள். ஆண் பூவின் மகரந்தத்தை முகப்பவுடரில் கலந்து, ஊதுகுழலில் நிரப்பி, ஓலைகளுக்கு இடையே கையை நுழைத்து, முள்ளில் கீறிக்கொண்டு, விரிந்திருக்கும் பெண் பூவைத் தேடி ஊதுகிற வேலை. பூ விரிந்து நிற்பது ஓரிரு நாள்தான் என்பதால் அதே மரத்துக்கு வாரத்தில் சில தடவை திரும்பத் திரும்பப் போக வேண்டும். யூனிலீவர் தோட்டங்களின் பொறுப்பிலிருந்த லெஸ்லி டேவிட்சன், கமரூனில் பார்த்த செம்பனை கையுதவி இல்லாமலே காய்த்ததைக் கண்டு, காற்று என்ற விடையைச் சந்தேகப்பட்டார். ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் 1977-ல் கமரூனில் ஆய்வைத் தொடங்கினார். ஆண் பூவின் வாசனைக்கு மொய்க்கும் ஒரு சின்னஞ்சிறு கூன்வண்டுதான் வேலைக்காரன் என்று கண்டார். வேறு பயிரைத் தின்னாது என்று சோதித்துப் பார்த்த பிறகு, 1981 பிப்ரவரியில் ஜொகூர் குளுவாங்கில் உள்ள தோட்டத்தில் வண்டுகளை விட்டார்கள். அடுத்த ஓராண்டு ஈராண்டுக்குள் அது தீபகற்பம் முழுவதும் பரவிவிட்டது. குலை கனத்தது, பருப்பின் அளவு கூடியது, ஊதுகுழல்கள் மூலைக்குப் போயின. அந்த வண்டுக்குக் காப்புரிமை கிடையாது, இருக்கவும் முடியாது. இயற்கையில் இருப்பதைக் கண்டறிவது நம் சட்டப்படி காப்புரிமைக்கு உரியதல்ல. குளுவாங்கில் விட்ட வண்டு வேலி பார்த்து நிற்கவும் இல்லை. யூனிலீவருக்கு எவ்வளவு இலாபமோ அதற்கு வீதப்படி, நான்கு ஏக்கர் வைத்திருந்த சிறுதோட்டக்காரனுக்கும் கிடைத்தது. ஊதுகுழல் தூக்கியவர்களின் கூலி நின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புத்தாக்கம் என்ற சொல்லைக் கேட்டால் கை தட்டுகிறவர்கள் அந்த வரியைப் பெரும்பாலும் படிப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு, காப்புரிமையே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. எதிர்ப்பக்கச் சான்றும் செம்பனையிலிருந்தே வருகிறது. ஒரு செம்பனைப் பழத்தைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். டூரா வகையில் நடுக்கொட்டையின் ஓடு தடிமனாக இருக்கும், சதை சிறுத்திருக்கும். பிசிஃபெராவில் ஓடே இராது. ஆனால் அதன் பெண் குலை பெரும்பாலும் மலடு. இரண்டையும் இணைத்தால் பிறக்கும் டெனெராவில் மெல்லிய ஓடும் தடித்த சதையும் இருக்கும்; டூராவைவிட எண்ணெய் சுமார் 30 விழுக்காடு அதிகம். இந்தப் பாரம்பரிய விதியை 1941-ல் கொங்கோவில் கண்டுபிடித்தார்கள். சிக்கல் என்னவென்றால் நாற்றைப் பார்த்து எது டூரா, எது டெனெரா என்று சொல்ல முடியாது. நட்டு, உரம் போட்டு, ஆண்டுக்கணக்கில் வளர்த்துப் பழத்தை வெட்டிய பிறகுதான் தெரியும். அதற்குப் பிறகு யார் மரத்தைத் தோண்டி எறியப் போகிறார்கள்? விதை தயாரிக்கும் இடத்தில் வழிதவறி நுழையும் டூரா மகரந்தம் இந்தக் கலப்படத்துக்குக் காரணம். அதைச் சுமந்து திரிவதும் நம் பழைய நண்பர் கூன்வண்டுதான். 2013 ஜூலையில் மலேசியச் செம்பனை வாரியத்தின் அறிஞர்கள், ரஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி முதலானோர், ஓர் அமெரிக்க மரபணு நிறுவனத்தோடு சேர்ந்து நேச்சர் சஞ்சிகையில் இரு கட்டுரைகளை வெளியிட்டார்கள். ஒன்று செம்பனையின் முழு மரபணுத் தொகுதி. மற்றொன்று ஓட்டின் தடிமனை ஆளும் ஒற்றை மரபணு. தொகுதியை உலகம் முழுக்கப் பார்க்கத் திறந்துவிட்டார்கள். ஓட்டு மரபணுவை வைத்துச் செய்யும் நாற்றுச் சோதனைக்கு மட்டும் உரிமை கோரினார்கள். அது சந்தைக்கும் வந்தது. நாட்டின் சுயேச்சைச் சிறுதோட்டங்களிலும் நாற்றங்கால்களிலும் சராசரி 11 விழுக்காடு கலப்படம் இருப்பதாகப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. நூறு நாற்று வாங்கினால் பதினொன்று ஏமாற்று.

இந்த மூன்றாவது கதையில் காப்புரிமைக்கு ஒரு நியாயமான வேலை இருக்கிறது. இலைத் துண்டை வாங்கி, ஆய்வுக்கூடத்தில் ஓட்டி, நம்பகமான விடை சொல்ல யாராவது இயந்திரத்தில் முதல் போட வேண்டும். போட்ட முதல் திரும்பும் என்ற உறுதி அவருக்குத் தேவை. வண்டுக்கு அப்படி யாரும் தேவைப்படவில்லை. எஸ்எம்ஆருக்குப் பூட்டு இடைஞ்சலாகவே இருந்திருக்கும். ஆக, ஒரு கண்டுபிடிப்பு கையிலிருந்து கைக்கு எப்படிப் போகும் என்று முதலில் யோசித்து, அந்த வழியில் காப்புரிமை உதவுமா தடுக்குமா என்று அடுத்து யோசிப்பதே முறை. நாம் செய்வது தலைகீழ். முதலில் விண்ணப்பம், பிறகு அதற்கு ஆள் தேடுவது.

"காப்புரிமை இல்லாவிட்டால் எந்த நிறுவனம் பணம் போடும்?" என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்விதான். 1980-ல் அமெரிக்கா பே-டோல் சட்டத்தைக் கொண்டுவந்ததற்கும் அதுவே காரணம். அதுவரை அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகள் அரசுக்கே சொந்தம். அப்படிச் சேர்ந்த சுமார் 28,000 காப்புரிமைகளில் உரிமம் பெற்றுப் பயன்பட்டவை 5 விழுக்காடுகூட இல்லை என்று அன்று கணக்குச் சொன்னார்கள். உரிமையைப் பல்கலைக்கழகத்திடமே விட்டால் அது ஓடியாடி விற்கும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. மலேசிய அரசும் 2009-ல் அதே தடத்தில் ஒரு கொள்கையை அறிவித்து, அரசு நிதியில் நடக்கும் ஆய்வின் உரிமையை ஆய்வு நடத்தும் நிறுவனத்துக்கே கொடுத்தது. அலமாரியில் தூங்கும் காப்புரிமையை எழுப்புவதற்காகப் பிறந்த யோசனை, எண்ணிக்கைப் போட்டியோடு சேர்ந்தபோது புது அலமாரிகளை நிரப்பத் தொடங்கியதுதான் வேடிக்கை. வெற்றி பெற்ற உதாரணத்தையும் உற்றுப் பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் வைத்திருந்த மரபணு ஒட்டுமுறைக் காப்புரிமை 1997-ல் முடிவதற்குள் 25 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. எப்படி? ஒருவருக்கு மட்டும் விற்காமல், கேட்ட நானூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு மலிவாக உரிமம் கொடுத்து. அதாவது அது வேலியாக இல்லாமல் சுங்கச்சாவடியாக இருந்தது; கட்டணம் கட்டியவர்கள் எல்லாரும் போனார்கள்.

வேலியாக வைத்தவர்களின் கதையும் உண்டு. நம் இரப்பர் கழகம் பிறந்த அதே 1925-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு பல்கலைக்கழக அறக்கட்டளை தொடங்கியது. உணவின் மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் வைட்டமின் டி உண்டாகும் என்று ஹாரி ஸ்டீன்பாக் கண்டறிந்திருந்தார்; குழந்தைகளின் எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ் நோய்க்கு அது விடை. அறக்கட்டளைக்கு நல்ல வருமானம் வந்தது, ஆய்வுக்குப் பணம் போனது, அதில் குறையில்லை. ஆனால் விஸ்கான்சின் பால்பண்ணை மாநிலம். வெண்ணெய்க்குப் போட்டி வரக் கூடாது என்று மார்ஜரினுக்கு உரிமம் தர மறுத்தார்கள். வெண்ணெய் வாங்க வழியில்லாத ஏழை வீட்டுக் குழந்தைகள் தின்றது மார்ஜரின். அந்தக் குழந்தைகளுக்குத்தான் வைட்டமின் அதிகம் தேவைப்பட்டது. 1940-களில் நீதிமன்றம் அந்தக் காப்புரிமைகளைச் செல்லாது என்று தள்ளியது. செம்பனை எண்ணெயில் மார்ஜரின் செய்து விற்கும் நாட்டுக்காரர்கள் இந்தக் கதையை மறக்கக் கூடாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் உணர்ச்சிகரமானது. "நாம் பதியாமல் விட்டால் வெள்ளைக்காரன் பதிந்துகொள்வான், மஞ்சளுக்கு நடந்ததைப் பார்க்கவில்லையா?" என்பார்கள். பார்த்தோம். 1995-ல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம், மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்குக் காப்புரிமை வாங்கியது. நம் வீட்டில் முழங்கால் சிராய்த்த பிள்ளைக்கு அம்மா அப்புகிற அதே மஞ்சள். இந்தியாவின் அறிவியல் தொழிலாய்வுக் கழகம் எதிர்த்து மனுச் செய்து 1997-ல் அதை இரத்து செய்ய வைத்தது. ஆயுதமாகப் பயன்பட்டது இன்னொரு காப்புரிமை இல்லை. பழைய ஏடும், 1953-ல் ஓர் இந்திய மருத்துவச் சஞ்சிகையில் அச்சான கட்டுரையும்தான். முன்பே எழுதி வெளியிட்டது எதுவோ அது புதியதாக முடியாது. ஆகவே திருட்டுப் போகாமல் காக்கச் செலவு குறைந்த வழி, தேதி போட்டு ஊரறிய எழுதுவது. அதற்கு அப்பாலும் ஆபத்து உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1987-ல் சரவாக் காட்டில் எடுத்த பிந்தாங்கோர் மர மாதிரியில், எய்ட்ஸ் கிருமியை எதிர்க்கும் கலனொலைட் என்ற பொருள் அமெரிக்க ஆய்வகத்தில் தெரிய வந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தபோது அந்த மரம் வெட்டப்பட்டிருந்தது. சரவாக் அரசு 1996-ல் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து தன் பங்கை உறுதி செய்துகொண்டது. 1997-ல் பல்லுயிர் வளத்துக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. கூட்டரசுச் சட்டம் 2017-ல் வந்தது. வளத்துக்குக் காவல் போடுவது இந்தச் சட்டங்களின் வேலை. பல்கலைக்கழகத்தின் காப்புரிமை எண்ணிக்கையை ஏற்றுவதால் ஒரு மரமும் காப்பாற்றப்படாது. தவிர, கோலகங்சாரில் நிற்கும் மரத்தை நினைத்துக்கொண்டு பேசினால், வெளிநாட்டான் திருடுவான் என்று சொல்லும்போது நம் குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் வரும்.

"நீங்கள் சொல்பவை எல்லாம் ஆய்வுக் கழகங்கள், வாரியங்கள். பல்கலைக்கழகம் வேறு. அதன் வேலை அறிவை வளர்ப்பது, வண்டு பிடிப்பதல்ல" என்று மூன்றாவதாக ஒரு தரப்பு வாதிடும். இதில் பாதி உண்மை. ஓட்டு மரபணுவைத் தேடியவர்கள் செய்தது பாடப்புத்தகத்துக்குரிய அடிப்படை அறிவியல்தான். அது பயனாக மாறியதற்குக் காரணம், அவர்களுக்குப் பக்கத்திலேயே விதை விற்பவரும் நாற்று வாங்குபவரும் இருந்ததுதான். ஜெண்டராட்டாத் தோட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 1906-ல் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க்குப் பொறியாளர் இரப்பருக்காகத் தொடங்கியது, பின்னாளில் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் ஆனது. தோட்டத்துக்குள்ளேயே ஆய்வுப் பிரிவு வைத்திருப்பதால், அங்கே வரப்பில் தோன்றும் சந்தேகம் ஆய்வுக்கூடத்துக்குப் போக வாகனம் தேவையில்லை. பெரிய நிறுவனத்துக்கு அந்த வசதி உண்டு. பத்து ஏக்கர்க்காரனுக்கு இருப்பது செம்பனை வாரியத்தின் துனாஸ் என்ற ஆலோசனைச் சேவையின் அதிகாரி ஒருவர், அவருக்குக் கீழே ஏராளமான சிறுதோட்டங்கள். செரி இஸ்கண்டாரிலும் கம்பாரிலும் தஞ்சோங் மாலிமிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இம்மாநிலத்தின் வரைபடத்தில் அவை ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. பதவி உயர்வுக்கான பாரத்தில் காப்புரிமைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு பருவம் முழுக்கத் தோட்டத்தில் கிடந்து நோயைக் கவனித்த ஆய்வாளருக்கும் அதே அளவில் ஒரு கட்டம் வேண்டும். உலகத் தரவரிசைக்காரர்கள் இதை எண்ண மாட்டார்கள் என்பார்கள். எண்ணாமல் போகட்டும், சம்பளம் தருவது அவர்கள் இல்லை.

நடைமுறையில் கேட்கக் கூடியவை சில. பொதுப்பணத்தில் பெற்ற காப்புரிமை ஐந்து ஆண்டு ஆகியும் யாரும் உரிமம் பெறாவிட்டால், இந்நாட்டுச் சிறுதொழில் எதுவும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவிக்கலாம். ஆண்டறிக்கையில் பெற்றவை, பயன்பாட்டில் உள்ளவை, காலாவதியாக விட்டவை என்று மூன்று எண்களையும் ஒரே வரியில் அச்சிடலாம். மூன்றாவது எண்ணை அச்சிட மட்டும் கை கூசும். ஆய்வு நிதியில் ஒரு பங்கை, செஸ் வரி காலத்து வழக்கப்படி, விளைவிக்கிறவன் கேட்ட கேள்விக்கென்று ஒதுக்கலாம். தமிழ்நாட்டில் தென்னையைத் தாக்கும் கானோடெர்மா நோய்க்குத் தஞ்சை வாடல் நோய் என்று பெயர். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் கண்டதால் வந்த பெயர். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் மரத்துக்கு இத்தனை கிலோ வேப்பம் பிண்ணாக்கு, இத்தனை அளவு டிரைக்கோடெர்மா என்று தமிழில் அச்சடித்து விவசாயி கையில் கொடுக்கிறது. அது முழு விடை இல்லை, ஆனால் அதைப் படிக்க யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. தஞ்சையும் பாகான் டத்தோவும் கானோடெர்மாப் பூஞ்சையோடுதான் மல்லுக்கட்டுகின்றன. இரண்டு ஊர்களின் ஆய்வாளர்களும் ஒரே மேசையில் உட்கார ஒரு விமானச் சீட்டின் விலை போதும். வெளிநாட்டில் ஒரு காப்புரிமை பதிவதைவிட மலிவு.

இன்னொரு கணக்கு இருக்கிறது. செம்பனையின் தோட்ட ஆயுள் இருபத்தைந்து ஆண்டு, காப்புரிமையின் ஆயுள் இருபது. இன்று ஒரு நாற்றை நடுகிற அதே நாளில் கானோடெர்மாவுக்கு எதிராக ஒரு முறையைக் கண்டுபிடித்துப் பதிந்தாலும், அந்த மரத்தை வெட்டுவதற்கு ஐந்து ஆண்டு முன்பே உரிமை முடிந்துவிடும். மண்ணில் விட்டுப்போன வேர்த்துண்டில் பூஞ்சை அதற்குப் பிறகும் காத்திருக்கும். இந்தப் பக்கத்துச் சிறுதோட்டங்களில் மறுநடவு தொடங்கும்போது, எந்திரம் பழைய அடிக்கட்டையைத் தோண்டிப் போடும் அந்தச் சில நாள்களில், குழிக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவர் மண் மாதிரி எடுத்துக்கொண்டு நிற்கிறாரா என்று பார்க்கலாம்.